உலகம்மாள் வீட்டுக் கோப்பை பாடிய தாலாட்டு

மாரிச்செல்வி கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தாள். சேலைக் கொசுவத்தை இடுப்பில் ஏற்றிச் செருகி, முடி பாதி கொட்டிப்போன பிரஷ்ஷை வலது கையில் பிடித்து, பிளீச்சிங் பவுடரைக் கூடப் போட்டால் கண் எரியும், குறையப் போட்டால் மஞ்சள் போகாது என்று தினமும் யோசிக்கிற அதே யோசனையை இன்றைக்கும் யோசித்தபடி, கோப்பையின் விளிம்பிலிருந்து உள்வளைவு வரைக்கும் தேய் தேய் என்று தேய்த்து, தேய்க்கிற கைக்குத் தோதாக ஒரு பாட்டையும் பாடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தைத் தவிர அவள் வேறு எங்கேயும் பாடியதில்லை. பாடியதில்லை என்ன, வாய்விட்டுப் பேசியதுகூட இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் ஆறு வீடும் ஒரே வரிசையாக நிற்கிற அந்தக் காம்பவுண்டுக்கு அவள் வாக்கப்பட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது, மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து ஜனங்கள் கேட்டதெல்லாம் ஒரு "ம்", ஒரு "இல்ல மதினி", ஒரு "வாரேன்", அதுவும் காதில் விழாது, உதடு அசைகிறதைப் பார்த்து அவரவர் புரிந்துகொள்ள வேண்டியதுதான். கடைக்குப் போனால் புளியை விரலால் காட்டுவாள். புருஷன் கருத்தபாண்டியிடம் பேசுவதும் கிசுகிசுதான். ஒன்றேகால் வயசு மகன் அஸ்வந்தைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போதுகூட, பாட்டு நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும், வெளியே வராது. கக்கூஸ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் மட்டும் எழுந்து வரும். பாடி முடிக்கிற இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஓங்கி ஊற்றுவாள், பாட்டும் தண்ணீரோடு குழிக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாமல் ஒன்றைச் செய்து முடித்த நிம்மதியோடு அவள் கையைக் கழுவிக்கொண்டு உலை வைக்கப் போவாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பகல் பத்தரை மணி இருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து உலகம்மாள் சத்தம் போட்டாள்.

"ஏட்டி பூரணம்! செல்வி! ஓடியாங்கட்டி! எங்க வீட்டுக் கக்கூசு பாடுதுட்டி!"

உலகம்மாளுக்கு நாற்பது வயசு, ஐந்தாம் நம்பர் வீடு, பெரிய கொண்டை, அதைவிடப் பெரிய குரல், மகள்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் பகலெல்லாம் ஒண்டியாக இருக்கிறவள். எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆறாம் நம்பர் வீட்டு மாரிச்செல்வியும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியாகப் போய் நின்றாள். கோப்பைக்குள்ளிருந்து, ஆழத்தில் தண்ணீர் உருளுகிற மாதிரி முதலில் ஒரு முனகல் வந்தது, பிறகு அது தெளிந்து ஒரு பெண் குரலாக ஏறி வந்து பாடியது.

அடுத்த வீட்டுச் சன்னலுக்கு ஆறு கம்பி – எங்க
ஒத்த வீட்டுச் சன்னலுக்கு ரெண்டு கம்பி
ரெண்டு கம்பி சந்துக்குள்ள நெலா வந்தா – நீ
கண்ணு ரெண்டும் மூடிக்கோ என் கட்டித்தங்கம்

யாரும் மயக்கம் போட்டு விழவில்லை, சாமி வந்து ஆடவில்லை. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு ஏழு மாசமாகக் கண்ணில் தூக்கம் காணாத மூன்றாம் நம்பர் வீட்டுப் பூரணம், இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளைகள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியதைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மதினி, இது எத்தன மணிக்கு எத்தன மணிக்குப் பாடும்?"

மாரிச்செல்வி பிள்ளையை இடுப்பில் ஏற்றிவைத்துக்கொண்டாள். அது அவள் பாட்டு. சற்றுமுன் ஊற்றிய பாட்டு. ஊற்றின ஈரம்கூட அவள் புறங்கையில் இன்னும் காயவில்லை. சன்னலுக்கு ஆறு கம்பி என்று அவள் பாடியது உலகம்மாள் வீட்டுச் சன்னலைப் பார்த்துத்தான், அந்தச் சன்னலில் காற்று வரும், எறும்பு வராது, இவள் வீட்டில் எறும்புதான் வரும்.

"பாத்தியாட்டி, என் சன்னலப் பத்திப் பாடுது! ஆறு கம்பின்னு எண்ணிப் பாடுதே! யாரு வீட்டுல பாடணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் உலகம்மாள், கொண்டையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு.

மாரிச்செல்வி வாயைத் திறந்தாள். தொண்டையில் சம்மணம் போட்டிருந்தது எழுந்திருக்கவில்லை. மூடிக்கொண்டாள். இடுப்பில் இருந்த அஸ்வந்த் பாட்டுக் கேட்டுக் கண் சொருகி, உலகம்மாள் "கொண்டாட்டி பிள்ளைய" என்று கை நீட்டவும், அந்தப் பக்கம் சாய்ந்து, பெற்றவள் பாட்டை முதல் தடவையாகக் கேட்டு, அடுத்தவள் மடியில் தூங்கிப்போனான்.

அதற்குப் பிறகு காம்பவுண்டு அந்தக் கக்கூசைச் சுற்றி ஒரு ஒழுங்கு போட்டுக்கொண்டது. பத்தரை மணிக்குப் பாட்டு என்பதால் பத்து மணிக்கே பாய் விரித்தார்கள். பூரணத்துக்கு இரண்டு பிள்ளை என்பதால் கதவை ஒட்டி இடம், மற்றவர்களுக்கு வந்த வரிசைப்படி. அடுப்பில் பருப்பு வேகிற வீட்டுக்காரிகள் பிள்ளையை மட்டும் அனுப்பினால் போதும், உலகம்மாள் பார்த்துக்கொள்வாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, தானாகக் கழற்றினார்கள். கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தது யாரென்று தெரியவில்லை, ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் இருந்தது. விளக்கு ஏற்றலாமா என்று கேட்கப் போனதற்குத் தெருக்கோடி அம்மன் கோயில் பூசாரி வெகுநேரம் யோசித்து, "வெளிய ஏத்துங்க, உள்ள வேணாம்," என்றார். தீப்பெட்டி ஆபீசில் இருந்து சாப்பாட்டு நேரத்தில் கைப்பிள்ளைக்காரிகள் வந்து, பாட்டு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுப் போனார்கள். இதிலெல்லாம் ஒரு சங்கடம்தான், உலகம்மாள் தன் வீட்டுக் கக்கூசை அதற்குரிய காரியத்துக்குப் பயன்படுத்த முடியாமல் போனது. பாடுகிற வாயில் எப்படிப் போவது? ஆகவே அவள் பக்கத்து வீட்டுக்கு வந்தாள். "ஏ செல்வி, ஒரு நிமிசம்ட்டி," என்று சொல்லிவிட்டு மாரிச்செல்வி கழுவிவைத்த கக்கூசுக்குள் நுழைந்து கால்மணி நேரம் இருந்துவிட்டு வருவாள், மாரிச்செல்வி திரும்பவும் பிரஷ்ஷை எடுப்பாள்.

குழாய் வேலைக்காரர் ஞானதுரையைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் கோப்பைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எல்லா வீட்லயும் கீழ வளைவுல தண்ணி நிக்கும், நாத்தமும் சத்தமும் மேல வராது. ஒங்க வீட்ல வளைவு விரிசல் விட்டுருக்குத்தா, தண்ணி நிக்கல. மாத்திரவா?" என்றார். உலகம்மாள் அவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்காத குறைதான். "தொட்டீருன்னா பாத்துக்கிடும்," என்று விரட்டிவிட்டாள். நாற்றத்துக்கு வேளைக்கு ஒரு தரம் சாம்பிராணி போட்டாள். அஸ்வந்த் தூங்கி எழுந்து வீட்டுக்கு வரும்போது அவன் தலைமுடியில் அந்தச் சாம்பிராணி வாசம்தான் அடிக்கும், பால் வாசம் போய்விட்டது. மாரிச்செல்வி குனிந்து மோந்து பார்ப்பாள், பார்த்துவிட்டுக் குளிப்பாட்டுவாள், அவனோ ஈரத்தோடு அவள் கையிலிருந்து பக்கத்து வீட்டுப் பக்கம் பாய்ந்து பாய்ந்து அழுவான்.

ஒரு நாள் கருத்தபாண்டி லாரிக்கு லோடு ஏற்றிவிட்டுப் பத்தரைக்கே சோற்றுக்கு வந்தவன், உலகம்மாள் வீட்டு வாசலில் நின்று துண்டைத் தோளில் போட்டபடி முழுப் பாட்டையும் கேட்டான். கேட்டுவிட்டு வந்து இலையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டான்.

"என்னா கொரலு! அப்படியே நெஞ்சப் பிடிச்சு உலுக்குது. நம்ம வீட்டுக்கு இப்படி ஒரு கொடுப்பினை இல்ல பாரு."

மாரிச்செல்வி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். ரசம் சோற்றை விட்டு இலையை விட்டுத் தரையில் ஓடி அவன் வேட்டியை நனைத்தபிறகுதான் கரண்டி நின்றது. மூன்று வருஷம் பக்கத்தில் படுத்து எழுந்தவனுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அவன் எப்போது கேட்டான்? ஆனாலும் அவளுக்குள் ஒன்று பற்றிக்கொண்டது. உலகம்மாள் மேல் எரிந்தது, அவள் கொண்டை மேல் எரிந்தது, விரிசல் விட்ட வளைவு மேல் எரிந்தது, கடைசியில் தன் குரல் மேலேயே எரிந்தது, என்னிடம் இருந்தவரைக்கும் வாயைத் திறக்காமல் கிடந்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனதும் எப்படி நிமிர்ந்து பாடுகிறது பார் என்று.

மறுநாளிலிருந்து அவள் பாட்டை நிறுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். இனி எதைப் பாடும், பார்ப்போம் என்றிருந்தாள். ஆனால் பத்தரைக்குப் பத்தரை பாட்டு வந்தது. குழாய் வளைவுகளில் பழசெல்லாம் தேங்கிக் கிடந்திருக்கிறது, சோற்றுப் பருக்கையும் தலைமுடியும் தேங்குகிற மாதிரி, அது ஒவ்வொன்றாக இளகி இப்போது போய்ச் சேர்ந்தது. அஸ்வந்த் வயிற்றில் ஏழு மாசமாக இருந்தபோது அவள் பாடிய ஒன்று, அவளுக்கே மறந்துபோன ஒன்று, ஒரு வியாழக்கிழமை உலகம்மாள் வீட்டில் எழுந்து பாடி, கூடியிருந்த அத்தனை பேரையும் மூக்கைச் சிந்த வைத்தது. அவளும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மூக்கைச் சிந்தினாள். அப்புறம் ஆத்திரம் தாங்காமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழிக்குள் குனிந்து வேறுவிதமாகப் பாட ஆரம்பித்தாள். அதில் கண்ணே இல்லை, கட்டித்தங்கமும் இல்லை. கொண்டைக்குள் எத்தனை சவுரி இருக்கிறது, யார் வீட்டில் கடன் வாங்கிய ஆட்டுரலை யார் திருப்பித் தரவில்லை, அடுத்தவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு யார் மினுக்குகிறாள் என்று எல்லாவற்றையும் ராகம் போட்டு ஒரு மாசம் பாடி, ஒரு மாசமும் வாளி வாளியாக ஊற்றினாள். அது போய்ச் சேரட்டும், கூட்டத்துக்கு நடுவில் உலகம்மாள் மானம் போகட்டும் என்று காத்திருந்தாள். போய்ச் சேரவில்லை. புதுசு பழசுக்குப் பின்னால்தானே நிற்கும், பழசே இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஒரு நாள் உலகம்மாள், அஸ்வந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏட்டி செல்வி, இவன் என்னைய 'ம்மா'ங்கான்ட்டி, கேட்டியா?" என்று சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாரிச்செல்வி "ம்" என்றாள்.

அன்றைக்குப் பத்தரை மணிக்கு எல்லாரும் பாயில் உட்கார்ந்த பிறகு, அவள் கூரைக் கம்பியில் கட்டியிருந்த தொட்டில் சேலையை அவிழ்த்தாள். பச்சைச் சேலை, கல்யாணத்துக்கு அவள் அம்மா எடுத்தது. யார் தூங்குகிறார்கள் இதில்? சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடப்பாரையோடு வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குப் போனாள். ஐந்தாம் வீட்டுக்கும் ஆறாம் வீட்டுக்கும் நடுவில் ஒரு சிமெண்டு மூடி. நெம்பித் தள்ளினால் உள்ளே சின்னத் தொட்டி, அதில் இரண்டு குழாய் வாய், மேற்கே ஒன்று உலகம்மாள் வீட்டுப் பக்கம், கிழக்கே ஒன்று தன் வீட்டுப் பக்கம். கழிவெல்லாம் கிழக்கே தெருச் சாக்கடைக்குப் போகிறது என்று காம்பவுண்டில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். உலகம்மாள் பக்கத்து வாயை அடைத்துவிட்டால் மேற்கு வீடுகளின் கழிவெல்லாம் போக வழியில்லாமல் அவள் கோப்பையில் ஏறி நிற்கும், பாயில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். தன் பாட்டு எப்படி அந்தப் பக்கம் போனது, பாட்டு தண்ணீரோடுதானே போயிருக்கும் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஆறு கெஜம் சேலையையும் விளக்குமாற்றுக் கட்டையால் குத்திக் குத்தி மேற்கு வாய்க்குள் இறக்கிவிட்டு, மூடியை இழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

உலகம்மாள் வீட்டில் பாட்டு நின்றது. மாரிச்செல்வி வீட்டில் தண்ணீர் நின்றது.

முதல் நாள் வாளித் தண்ணீர் ஊற்றினாள், போகவில்லை, விளிம்பு வரைக்கும் வந்து வட்டமிட்டது. இரண்டாம் நாள் தானே ஒரு தகர டப்பாவால் கோரிக் கோரிச் சந்தில் கொட்டினாள். உலகம்மாள் முகம் வாடி, "ஏ செல்வி, ஒரு நிமிசம்ட்டி," என்று வந்தபோது கதவை மறைத்து நின்று, பிள்ளைக்கு வயிற்றால் போகிறது, இப்போதுதான் கழுவி விட்டிருக்கிறேன் என்று உதட்டை அசைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் காம்பவுண்டே அழுதது. பூரணத்தின் இரட்டைகள் ஒன்று நிறுத்தினால் ஒன்று ஆரம்பித்தது. அஸ்வந்த் பக்கத்து வீட்டுக் கக்கூஸ் கதவைத் தட்டித் தட்டி அழுதான். உலகம்மாள் சாம்பிராணியை இரட்டிப்பாக்கினாள், கோப்பையிடம், "நான் என்னம்மா கொறை வச்சேன்?" என்று கேட்டாள். "யாரோ கண்ணு வச்சுட்டாக," என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் மாரிச்செல்வி வீட்டு நடையைத் தாண்டிப் பாய்க்கு வந்தது. கருத்தபாண்டி எழுந்து காலை வைத்த இடம் சரியில்லை. அவன் குதித்துக்கொண்டே போய் ஞானதுரையைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஞானதுரை மூடியை நெம்பினார், சுருள் கம்பியை மேற்கு வாய்க்குள் விட்டார். காம்பவுண்டு முழுக்கச் சந்தில் நின்றது.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் எதுக்கு விடுதீரு? தண்ணி கெழக்கல்ல போகும்," என்றான் கருத்தபாண்டி.

"அது அந்தக் காலம். ரோட்டை ஒசத்திப் போட்டப்ப தெருச் சாக்கடை மேல போயிருச்சுல்லா? வீட்டுச் சொந்தக்காரர் சொல்லி நான்தான் குழாய் வாட்டத்த மேக்க திருப்பி, அந்தக் கோடில கழிவுத் தொட்டி கட்டி விட்டேன். இப்ப ஒன் வீட்டுத்தண்ணி உலகம்மா மதினி வீட்டுக்கு அடியிலதான் போகுது. ஒனக்கு ஒரு அடைப்புன்னா அது ஒன்னையத்தான் அடைக்கும், அவுகள இல்ல."

ஞானதுரை கம்பியை முறுக்கி இழுத்தார். கறுத்து ஊறின துணி ஒன்று நுனி காட்டி, பிறகு முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் ஊற்றி அலசிப் போட்டபோது பச்சை தெரிந்தது.

"இதுதான் என் பாட்ட அடைச்சிருக்கு!" என்று உலகம்மாள் கத்தினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். கண் பூரணத்தில் போய் நின்றது. போன வாரம் பாய் போடுகிற இடத்துக்கு இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. "பச்சச் சேல யாருட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்? கதவோரம் இடம் போயிருமோன்னு பயந்து பாட்டையே ஒரேயடியா அடச்சுட்டியா? இனி ஒன் ரெண்டு பிள்ளையவும் தூக்கிக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல கால் வையி, பேசிக்கிடுதேன்!"

"மதினி! என் பிள்ளைக மேல சத்தியமா இல்ல மதினி!" பூரணம் இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளைகள் வீறிட, கண்ணீரைத் துடைக்கக் கையில்லாமல் நின்றாள். மாசக்கணக்காகத் தூங்காத முகம்.

மாரிச்செல்வி கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். அந்த முகத்தைத் திரும்பவும் பார்த்தாள்.

"என் சேல," என்றாள்.

உதடு மட்டும் அசையவில்லை, சத்தமும் வந்தது. கக்கூஸ் கதவுக்குள் மட்டும் எழுந்து வருகிற அதே குரல், முழுசாக, சந்துக்குள் அடங்காமல் வந்தது.

"நான்தான் அடச்சேன். பூரணத்த ஒண்ணும் சொல்லாதீங்க."

பூரணத்தின் இரட்டைகள் இரண்டும் ஒரே நேரத்தில் வாயை மூடின. ஞானதுரை கம்பியைக் கீழே விட்டார். கருத்தபாண்டி பெண்டாட்டியைப் பார்த்தான், உலகம்மாள் வீட்டுச் சுவரைப் பார்த்தான், திரும்பவும் பெண்டாட்டியைப் பார்த்தான், தோளில் கிடந்த துண்டை எடுத்து எதற்கென்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஏட்டி," என்றாள் உலகம்மாள், பாதிக் குரலில். "இன்னொருக்காச் சொல்லு."

"நான்தான் அடச்சேன். பாடுனதும் நான்தான்."

உலகம்மாள் இடுப்பில் இருந்த அஸ்வந்த் உடம்பை வளைத்துத் திரும்பினான். ஆறு வாரமாகக் கதவுக்கும் கோப்பைக்கும் பின்னால் தேடிய ஒன்று இங்கே ஒரு முகத்தோடு நிற்கிறதைப் பார்த்தான். பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்தான், உலகம்மாள் இழுத்துப் பிடித்திருந்தால் நடுவில் விழுந்திருப்பான், அதனால் விட்டாள். அம்மா மார்பில் வந்து ஒட்டியவன் ஈரக் கையைத் தூக்கி அவள் தொண்டையில் வைத்து, அது அசைகிறதா என்று தொட்டுப் பார்த்தான்.

அப்புறம் பூரணம்தான், கோபமும் இல்லாமல் சந்தோஷமும் இல்லாமல், உள்ளதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஆனாலும் கக்கூசுல கேக்கும்போது இன்னும் கொஞ்சம் எடுப்பா இருந்துச்சு."

"ஆமா," என்றார் ஞானதுரை. "குழாய்க்குள்ள ஒரு கம்பீரம் வரும்லா."

"ஏன், நேர்ல என்ன கொறச்சல்?" என்று மாரிச்செல்வி கேட்டாள், கேட்டது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை, மூன்று வருஷத்துப் பேச்சு வளைவை விட்டு இளகி வந்துகொண்டிருந்தது. "அதுக்கு வாய் உண்டா, பல் உண்டா? அது பாடுனதெல்லாம் நான் ஊத்துனது. மஞ்சளப் பூசுனீங்க, குங்குமம் வச்சீங்க, என்னைய ஒரு நாள் பாயில உக்காருட்டின்னு சொன்னீகளா? எம்பிள்ள, என் பாட்டக் கேட்டு, ஒங்க மடியில தூங்குனான். எனக்கு எப்படி இருக்கும்?"

உலகம்மாள் கொண்டை சரிந்ததைக்கூட எடுத்துக் கட்டவில்லை. காலியான இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றவள், "எனக்கும் பகலெல்லாம் வீட்ல யாரு இருக்காட்டி," என்றாள், அவ்வளவு மெதுவாக அவள் பேசிக் காம்பவுண்டு கேட்டதில்லை.

மாரிச்செல்வி அவள் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். சட்டென்று வேறொன்று நினைவு வந்து கண்ணை அகல விரித்தாள்.

"மதினி, இன்னும் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கிடக் கூடாது. இந்த ஒரு மாசமா நான் உள்ள பாடுனது தாலாட்டு இல்ல. அது பூரா இந்த வளைவுலதான் இப்பக் கெடக்கு, அடைப்பு எடுத்தாச்சு, தண்ணி விட்டா பழசோட சேந்து ஒரேயடியா ஒங்க வீட்ல வந்து ஏறிரும். அந்நேரத்துக்கு நீங்க யாரும் அங்கன நிக்காதீங்க, நானே தனியா உக்காந்து கேட்டுத் தீத்துர்றேன், ஏன்னா அதுல ஒங்க கொண்டைய" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "தங்கச்சி! ரெண்டு வாளி தண்ணிய ஓங்கி ஊத்துத்தா, லைன் ஓடுதான்னு பாத்துருவோம்!" என்று ஞானதுரை தொட்டிக்குள் தலையை விட்டபடி கூப்பிட்டார், கருத்தபாண்டி நிறைந்த வாளியைக் கொண்டுவந்து அவள் கையில் பயபக்தியோடு கொடுத்தான், பூரணம் பத்தரை ஆகிவிட்டது என்று இரட்டைகளோடு உலகம்மாள் வீட்டுக்குள் ஓடினாள், பின்னால் மற்றவர்களும் ஓடினார்கள், "என் கொண்டைய என்னட்டி, சொல்லிட்டுப் போ," என்று உலகம்மாள் வாசலிலேயே நின்று கேட்க, "தங்கச்சி, ஊத்துத்தா!" என்று ஞானதுரை சந்திலிருந்து மறுபடியும் கூப்பிட, ஒரு பக்கம் பிள்ளையும் ஒரு பக்கம் வாளியுமாக மாரிச்செல்வி, "மதினி, காதப் பொத்திக்கிடுங்க!" என்று கத்திவிட்டுத் தன் கக்கூசுக்குள் போய் வாளியைக் கவிழ்த்தாள்.